கெபித் தண்ணீர்

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் இனிக்க வேண்டும் என்று எங்களுக்கு அடிக்கடி கருத்தரங்கு வைப்பார்கள். கண்டியில் ஏதாவது ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர், பகலுக்குச் சோற்றுப் பார்சல். வளவாளர் வந்து, "கரும்பலகையை விடுங்கள், பிள்ளையின் வீட்டைப் பாடத்துக்குள் கொண்டு வாருங்கள்" என்பார். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வருவோம். வீட்டைக் கூப்பிட்டால் வீடு முழுசாகத்தான் வரும், நமக்கு வேண்டிய பாதி மட்டும் வராது என்று அவர் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு அன்றைக்கு விளங்கியிருக்காது.

நான் அம்பிட்டிய பக்கம் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நான் முஸ்லிம். என் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர்கள். மஹய்யாவவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. எங்கள் ஆய்வுகூடம் என்றால் ஒரு பூட்டு, ஒரு அலுமாரி, கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்த ஒரு நுணுக்குக்காட்டி. எனக்குக் கோபம் கொஞ்சம் கூடத்தான். இல்லாததைச் சொல்லி மூக்கால் அழுகிற ஆசிரியர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அதனால் குசினியில் கிடைப்பதையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். செவ்வரத்தம் பூவைச் சுடுநீரில் ஊறவைத்து, தேசிக்காய்ச் சாறு விட்டால் சிவப்பதையும் சவர்க்கார நீர் விட்டால் பச்சையாவதையும் காட்டினேன். வினாகிரியில் முட்டையைப் போட்டு ஓட்டைக் கரைத்தேன். முளைவிட்ட கௌபீப் பயறு வெளிச்சத்தைத் தேடி வளைவதைக் காட்ட ஜன்னலில் வைத்தேன். குரங்குகள் வந்து வேரோடு தின்றுவிட்டுப் போயின. மறுநாள் ஒரு பையன் அதையே உணவுச் சங்கிலி என்று படம் வரைந்து கொண்டு வந்தான். அதற்கும் புள்ளி போட்டேன்.

பத்தாம் தரத்துக்கு நுண்ணங்கிகள் பற்றிய பாடம் வந்தபோது, எனக்குத் தெரிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் சோதனைப் போத்தல்கள் வாங்கினேன். விரல் நீளப் போத்தல், உள்ளே ஒரு காகிதத் துண்டு. தண்ணீர் ஊற்றினால் மஞ்சளாக இருக்கும். மூடிச் சூடான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். கலக்காதது மஞ்சளாகவே இருக்கும். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற சோதனை. "வீட்டில் உண்மையாகக் குடிக்கிற தண்ணீரைக் கொண்டு வாங்க, கடைப் போத்தல் தண்ணி கொண்டு வந்து ஏமாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். போத்தலில் ஆளின் பெயர் வேண்டாம், தண்ணீர் எடுத்த இடத்தை மட்டும் எழுதினால் போதும் என்றும் சொன்னேன். யாருடைய வீட்டையும் மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

அலுமாரிக்குள் ஒரு மின்குமிழை எரியவிட்டு, போத்தல்களை வரிசையாக அடுக்கினோம். திறந்த அன்று வகுப்பே அலுமாரியைச் சுற்றி நின்றது. அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் எதையும் அப்படி எட்டிப் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீர் எல்லாம் மஞ்சள். கறுத்தவை இரண்டுதான். ஒன்றில் 'வீட்டுக் கிணறு' என்று எழுதியிருந்தது. மற்றதில், நல்ல உருண்டை எழுத்தில், 'மாதா கெபி'.

பள்ளிக்கு மேலே, மேட்டுப் பாதை திரும்புகிற இடத்தில் பாறையில் ஒரு சின்னக் கெபி இருக்கிறது. அங்கிருந்த ஊற்றுக்கு மேல் யாரோ முன்னொரு காலத்தில் மாதா சொரூபம் வைத்திருக்கிறார்கள். காலடியில் ஒரு குழாய்த் துண்டு. அதில் தண்ணீர் எந்நேரமும் விழும். காய்ச்சல் என்றால், பரீட்சை என்றால், பிள்ளைப்பேறு என்றால் சனங்கள் போத்தலோடு வருவார்கள். பௌத்தர்கள் வருவார்கள். எங்கள் ஆட்களிலும் இரண்டொருவர் யாருக்கும் தெரியாமல் வந்து பிடித்துக்கொண்டு போவதை நானே கண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் அந்தப் போத்தலில் இருந்த எழுத்தை ஒவ்வொருவராகக் குனிந்து வாசித்தார்கள். பிறகு ஒருவன், "டீச்சர், அது செல்லாது. மாதா தண்ணிய டெஸ்ட் பண்ணக் கூடாது" என்றான். இன்னொருத்தி, "மாதா தண்ணின்னா ஏன் கறுத்துச்சு?" என்றாள். சண்டை பிடித்துக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அதுதான். நான் மேசையில் தட்டி, ஊற்று ஒரு இடத்தில் தொடங்கி இன்னொரு இடத்தால் வருகிறது, மேலே மண்ணில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து வரும், மாதாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். பிள்ளைகள் என் வாயைப் பார்க்கவில்லை. என் தலைமுக்காட்டைப் பார்த்தார்கள். அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ தெரியாது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாதவள், ஆனால் கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்பவள்.

"அது நான் கொண்டு வந்தது டீச்சர். நீங்க வீட்ல குடிக்கிறத கொண்டு வரச் சொன்னீங்க. நாங்க குழாய்த் தண்ணிதான் குடிக்கிறோம். அப்பா மட்டும்தான் இத குடிக்கிறாரு."

அவளுடைய அப்பா பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரு முறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் ஆசைக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பார்கள். அந்த அளவு கொஞ்சமாக இருப்பதனால்தான், உள்ளே போகிற ஒவ்வொரு மிடறும் மாதாவின் தண்ணீராக இருக்கட்டும் என்று அவளுடைய அம்மா முடிவெடுத்திருந்தார். விடியக் கெபிக்கு ஏறிப் போத்தலில் பிடித்து வந்து, அப்படியே பச்சையாகக் கொடுப்பார். எதிர்ப்புச் சக்தி போன உடம்பு அது. ஒரு சாதாரண வயிற்றோட்டம் போதும்.

"மகள், அம்மாகிட்ட சொல்லுங்க, கொதிக்க வெச்சு ஆறவெச்சு கொடுக்கச் சொல்லி. அவ்வளவுதான். தண்ணிய மாத்தவே தேவையில்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ இலேசான வேலை சொன்னதாகத் தெரியவில்லை. "மாதா தண்ணிய அடுப்புல வைக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இவர்கள் வீடுகளில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பார்கள். அதில் என்னை விடக் கவனம். கெபித் தண்ணீரை மட்டும் நெருப்பில் வைப்பதில்லை. வைத்தால் அதிலுள்ள ஆசீர்வாதம் ஆவியோடு போய்விடுமாம். ஆக, சந்தேகமில்லாத தண்ணீர் கொதித்தது, கறுத்த தண்ணீர் பச்சையாகவே வீட்டில் மிக நோயாளியான மனிதரின் வாய்க்குப் போனது.

அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியனுப்பினேன். வந்தார். மெலிந்த பெண், சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதிரை நுனியில் உட்கார்ந்தார். நான் போத்தலைக் காட்டினேன். ஊற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் கோபப்பட்டுப் பேச வசதியாக இருந்திருக்கும். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஒண்ணு கேக்கலாமா? உங்க ஆளுங்க மக்காவுல இருந்து தண்ணி கொண்டாராங்கதானே. அத கொதிக்க வெச்சா குடிக்கிறீங்க?"

என் வீட்டு அலுமாரியில், மேல் தட்டில், என் தாத்தா உம்ராவுக்குப் போய் வந்து தந்த ஸம்ஸம் போத்தல் இருந்தது. எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அதில் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்து துஆ ஓதுவேன். அதைக் கேத்தலில் ஊற்றி அடுப்பில் வைக்க என் கை போகுமா? போகாது. அது வேறு, இது வேறு என்று சொல்ல வாய் வரை வந்தது. என்ன வேறு என்று அவர் கேட்டால் விஞ்ஞான ஆசிரியை என்ன சொல்வாள்? நான் போத்தலைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினேன். அவர் எழும்பி, "உங்கள நோகடிக்கச் சொல்லல டீச்சர்" என்று கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நானே மேட்டில் ஏறிப் பார்த்தேன். கெபிக்கு மேலே காடாக இருந்த இடத்தில் இப்போது வீடுகள். வீட்டுக்கு ஒரு மலசலகூடக் குழி, எல்லாம் அந்தப் பாறைக்கு மேலே. இதில் யாரைப் பிடித்துச் சண்டை போடுவது? பாவம், அவர்களும் எங்கேதான் போவார்கள்? பரிசோதகரிடம் சொன்னேன். 'குடிக்க உகந்ததல்ல' என்று ஒரு பலகை போடலாம் என்றார். மாதாவின் காலடியில் அந்தப் பலகையை யார் அடிப்பது என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். பலகை வரவில்லை.

கடைசியில் பர்தாவோடு கோயில் வாசலில் போய் நின்றேன். பங்குச் சாமி இளைஞர், நன்றாகக் கேட்டார். "கொதிக்க வைப்பதால் ஆசீர்வாதம் போகாது டீச்சர், நான் பிரசங்கத்திலேயே சொல்கிறேன்" என்றார். சொன்னபடி ஞாயிறு சொல்லவும் செய்தார். சனங்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, வரும் வழியில் போத்தலில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று மகளிடம் கேட்டேன். "சாமி படிச்சவரு, அவருக்கு என்ன தெரியும்னாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தக் கிழமையே அதிபர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், யாரோடும் சத்தமாகப் பேசாதவர்.

"டீச்சர், நீங்க செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்ல. ரெண்டு மூண்டு தாய் தகப்பன் வந்திட்டுப் போயினம். சோனக டீச்சர் மாதாவின்ர தண்ணி ஊத்தையெண்டு சொன்னவவாம். நான் விளங்கப்படுத்தினனான். எண்டாலும் இந்தக் காலத்தில இது எங்க போய் நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதே? இனி இந்தக் கதையை வகுப்பில எடுக்க வேண்டாம்."

தெரியும். தெரியாமல் இந்த நாட்டில் எங்களில் ஒருவர் இருப்பாரா? நான் ஊத்தை என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர், "ஓம், அது எனக்குத் தெரியும்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவரும், "எங்கட பாட்டுல இருப்போம். கிணத்துத் தண்ணியப் பத்தி மட்டும் படிச்சுக் கொடுங்களே" என்றார். அந்தக் கிணற்று வீட்டுக்காரர், பிள்ளை போய்ச் சொன்ன கையோடு குளோரின் தூள் போட்டுக் கிணற்றைச் சுத்தம் செய்துவிட்டார். நன்றி சொல்லி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் அனுப்பினார். ஒரே சோதனை, ஒரே கறுப்பு. ஒன்றுக்கு வாழைப்பழம், மற்றதற்கு வாய்ப்பூட்டு.

ஆனால் பாடத்திட்டத்தை யாரும் பூட்ட முடியாது. வெப்பம் நுண்ணங்கிகளைக் கொல்லும் என்பது பாடத்தில் இருந்தது. மிஞ்சிய போத்தல்களை வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற கழிவுநீர்க் கானின் தண்ணீரில் அதைச் செய்து காட்டினேன். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் கொதித்து ஆறியது. பச்சை கறுத்தது. கொதித்தது மஞ்சளாகவே நின்றது. கெபி என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை, எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசினேன். முதுகால் படிப்பித்த பாடம் அது ஒன்றுதான்.

சில நாள் கழித்து அந்தப் பிள்ளை நடையில் என்னை மறித்தாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"டீச்சர், இப்ப நான் காய்ச்சிறேன். அம்மா காலையில தண்ணி கொண்டாந்து வெச்சிட்டு வேலைக்குப் போயிருவாங்க. நான் கேத்தல்ல ஊத்தி, நல்லா கொதிக்கவிட்டு, ஆறவெச்சு, அதே போத்தல்ல திரும்ப ஊத்தி வெச்சிடுவேன். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல டீச்சர். அது மாதா தண்ணிதானே இப்பவும்? நான் வேற தண்ணி மாத்தலியே."

ஆமாம் என்றேன். நான் செத்தாலும் அந்தச் சந்தோஷத்தை மறக்க மாட்டேன். இத்தனை வருடம் படிப்பித்ததில், ஒரு பாடம் புத்தகத்திலிருந்து இறங்கி ஒரு வீட்டுக் குசினிக்குள் போய் ஒரு மனிதரைக் காப்பதை அன்றுதான் கண்டேன். கடைசியாக இருந்த சோதனைப் போத்தலை அவளிடம் கொடுத்தேன். அவள் கொதிக்க வைத்த கெபித் தண்ணீரை அதில் ஊற்றி வந்தாள். அலுமாரிக்குள் வைத்தோம். மஞ்சளாகவே இருந்தது. அவள் அதைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுடைய அப்பா மழைக்காலத்தில் இறந்தார். வயிற்றோட்டமில்லை, தொற்றுமில்லை. சிறுநீரகக்காரர்களுக்கு வருகிற முடிவுதான், இருதயம் நின்றுவிட்டது. இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர்கள் வீட்டாரிடம் முன்னமே சொல்லியிருந்தார்களாம். செய்தி கேட்டதும் என் வாய் தானாக இன்னாலில்லாஹி சொன்னது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரண வீட்டுக்குப் போனேன். மஹய்யாவ சேமக்காலைக்குப் பெட்டி போகிற வரை நின்றேன். அம்மா அழுது அழுது, "மாதாவே, ஒரு நாள் தவறாம வந்தேனே, உன் தண்ணியத்தானே குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

நான் பயந்ததுதான் நடந்தது. அடக்கம் முடிந்த கிழமையில் அம்மா அதே வார்த்தைகளைச் சொல்லி அழும்போது, அந்தப் பிள்ளையால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள். அவள் பள்ளிக்குத் திரும்பி வந்தபோது பாதியாக இருந்தாள். அம்மா அடிக்கவில்லை, ஏசவில்லை. சோறு போடுகிறார், சீருடை துவைத்துத் தருகிறார். பேசுவது மட்டும் இல்லை.

"கொதிக்க வெச்சதால இல்லதானே டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லவே இல்ல மகள்."

"எனக்குத் தெரியும். ஆனா அம்மாகிட்ட நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

அதிபரிடம் கேட்காமல், வீட்டிலும் சொல்லாமல் போனேன். நான் செய்தது பிழை என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பிழை செய்தவளாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். சரியானதைச் செய்துவிட்டு அந்த வீட்டுப் படியேறுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

அம்மா என்னை உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். சிறுநீரகம் என்ன செய்யும், அது நின்றால் இருதயத்துக்கு என்ன நடக்கும், எந்தத் தண்ணீராலும் அதை மாற்ற முடியாது, பிள்ளை செய்தது தகப்பன் மேல் வைத்த அன்பினால் என்று சொன்னேன். இவ்வளவு நன்றாக நான் வகுப்பில் ஒரு நாளும் விளங்கப்படுத்தியதில்லை. அவர் ஒரு சொல் விடாமல் கேட்டார். மகள் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு டீச்சர்" என்றார் அம்மா. "எப்படியும் போயிருப்பாருன்னு. எனக்கும் அது விளங்குது. இவ மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா பாருங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது தண்ணி கேட்டாரு. மாதா தண்ணின்னு சொல்லி, நான்தான் வாயில ஊத்தினேன். சிலுவை போட்டுட்டுக் குடிச்சாரு. அது வெறும் தண்ணி."

மகள் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.